ஆறாத புண்ணும் மணல் ஈயும்: திருகோணமலைக் கிராமத்தவர்கள் கேட்கும் கேள்விகள்

வெருகலில் இருந்து பதவிசிறிபுர வரை காட்டோரத்திலும் வயலோரத்திலும் வாழ்கிறவர்களை நினைத்து எழுதப்பட்ட பக்கம் இது. வலிக்காமல், அரிக்காமல், மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கும் ஒரு தோல் புண்ணைப் பற்றியது. நோயின் பெயர் லீஷ்மேனியாசிஸ். பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. "மணல் ஈ கடித்து வருகிற புண்ணோ என்று சந்தேகம்" என்று சொன்னாலே கிளினிக்கில் விளங்கிக்கொள்வார்கள்.

கையில் சின்னதாக ஒரு பரு வந்தது. மூன்று மாதமாகியும் போகவில்லை. நோவும் இல்லை. இது அதுதானா?

இருக்கலாம். பார்த்த மாத்திரத்தில் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் சொல்கிற விதத்தில்தான் இந்த நோய் பெரும்பாலும் தொடங்கும். முதலில் நுளம்பு கடித்தது போல ஒரு சிவந்த பரு. அது சில வாரங்களில் மெல்லப் பெருத்துக் கட்டியாகும். பிறகு நடுவில் உடைந்து புண்ணாகும். சிலருக்கு உடையாமல் கட்டியாகவே நிற்கும். புண்ணின் ஓரம் சற்று உயர்ந்திருக்கும், நடுவில் காய்ந்த பொருக்கு இருக்கும். பொருக்கை உரித்தால் கீழே ஈரம் தெரியும். ஆறுவது போலக் காட்டிவிட்டுத் திரும்பவும் தொடங்கும்.

முகம், காது, கை, கால் என்று உடுப்பு மூடாத இடங்களில்தான் அதிகம் வரும். சாரம் மட்டும் கட்டிக்கொண்டு வெளியே படுக்கிற ஆண்களுக்கு முதுகிலும் வரலாம். பலருக்கு ஒரேயொரு புண்தான் இருக்கும்.

இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணையும் வைத்தியரிடம் காட்டுங்கள். அது இந்த நோயாக இல்லாவிட்டாலும் காட்ட வேண்டிய புண்தான்.

வலி இல்லை என்றால் ஏன் பயப்பட வேண்டும்?

பயப்படத் தேவையில்லை, அசட்டை செய்யாமல் இருந்தால் போதும். இந்த வருத்தத்தின் சூட்சுமமே வலி இல்லாததுதான். நோவு இருந்தால் அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவோம். நோவாத புண்ணை வெட்டு முடியட்டும், சூடடிப்பு முடியட்டும், பிள்ளையின் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடுவோம். அதற்குள் சின்னப் பரு ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்கு வந்துவிடும். புண் எவ்வளவு பெரிதாகிறதோ அவ்வளவு ஊசி, அவ்வளவு பெரிய தழும்பு.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஆறாத புண்ணோடு ஒருவர் மாதக்கணக்கில் ஊருக்குள் இருந்தால், அந்தப் புண்ணில் குந்தும் மணல் ஈ கிருமியை எடுத்துப் போய் அடுத்தவரிடம் விடக்கூடும். நேரத்தோடு மருந்தெடுப்பது உங்கள் தோலுக்கு மட்டுமல்ல, பக்கத்து வளவுப் பிள்ளைகளுக்கும் காவல்.

இது எப்படித்தான் வருகிறது?

ஒட்டுண்ணியால் வருகிறது. லீஷ்மேனியா என்பது கண்ணுக்குத் தெரியாத ஓரணு உயிரி. அதைச் சுமந்து வருவது பெண் மணல் ஈ. முட்டையிட அதற்கு இரத்தம் வேண்டும், அதற்காகக் கடிக்கிறது. ஆண் ஈ கடிக்காது.

நுளம்பு குழாயை இறக்கி உறிஞ்சும். மணல் ஈ அப்படியல்ல. தோலைக் கீறிச் சிறிய இரத்தத் தேக்கம் ஒன்றை உண்டாக்கி அதைக் குடிக்கும். குடிக்கும்போது அதன் குடலில் பெருகியிருக்கும் ஒட்டுண்ணிகள் கீறலுக்குள் போய்விடும். உடம்பின் காவல்காரரான வெள்ளையணுக்கள் ஓடிவந்து அவற்றை விழுங்கும். வேறு கிருமியென்றால் கதை அதோடு முடிந்திருக்கும். லீஷ்மேனியா விழுங்கப்பட்ட அணுவுக்குள்ளேயே குடியிருந்து பெருகத் தொடங்கும். அணு வெடித்ததும் அடுத்த அணுவுக்குள் போகும். அந்த இடம் வீங்கித்தான் பரு, பிறகு கட்டி, பிறகு புண்.

கடித்து சில வாரங்களிலும் பரு வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம். அதனால் எங்கே, எப்போது கடிபட்டது என்று கண்டுபிடிப்பது பெரும்பாலும் வீண் முயற்சி.

மணல் ஈ என்றால் கடற்கரை மணலில் இருப்பதா? நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் போனால் கடிக்குமா?

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். கடற்கரையில் கடிக்கிற பூச்சிகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இந்த மணல் ஈ ஈரப்பதமும் மக்கிய பொருட்களும் உள்ள மண்ணில் பெருகுவது. மாட்டுப் பட்டி ஓரம், இலைகுழை மக்கிய குவியல், மரப்பொந்து, புற்று, மண்சுவர் வெடிப்பு, எலிவளை போன்றவைதான் அதன் வீடு.

நுளம்பை விடச் சிறியது, 2 அல்லது 3 மில்லிமீற்றர்தான். உடம்பு முழுக்க மயிர். குந்தியிருக்கும்போது இறக்கைகளை மடிக்காமல் மேல்நோக்கி விரித்து வைத்திருக்கும். பறப்பதில் கெட்டிக்காரி அல்ல, தத்தித் தத்திப் போகும். பிறந்த இடத்தில் இருந்து சில நூறு மீற்றருக்கு அப்பால் போவது அரிது. நுளம்பு போலக் காதுக்குள் பாடாது, சத்தமே இருக்காது. அதனால்தான் "என்னை ஒன்றும் கடிக்கவில்லையே" என்று பலர் சத்தியம் செய்கிறார்கள்.

பொழுது பட்டதில் இருந்து விடியும் வரை அதன் நேரம். பகலில் இருட்டும் ஈரமும் உள்ள மூலையில் ஒதுங்கியிருக்கும். அந்த மூலையைக் கிளறினால் பகலிலும் கடிக்கும். விறகு குவியலைப் பிரிக்கும்போதும் பற்றை வெட்டும்போதும் இதை மனதில் வையுங்கள்.

திருகோணமலையில் உண்மையில் இருக்கிறதா, அல்லது அநுராதபுரத்துக்காரரின் வருத்தமா?

இருக்கிறது. எண்ணிக்கையில் அநுராதபுரம், பொலன்னறுவை, அம்பாந்தோட்டை, மாத்தறை, குருநாகல் ஆகிய மாவட்டங்கள் முன்னுக்கு நிற்கின்றன. திருகோணமலையில் அவற்றை விடக் குறைவு. ஆனால் வரைபடத்தைப் பாருங்கள்: அந்தப் பட்டியலில் முதல் இரண்டும் நமது எல்லை மாவட்டங்கள். கோமரங்கடவல, முதலிக்குளம், பதவிசிறிபுர, கந்தளாய், சேருவில எல்லாம் அதே காடு, அதே குளம், அதே வயல் தொடர்ச்சிதான். மணல் ஈக்கு மாவட்ட எல்லைக் கல் தெரியாது.

இலங்கையில் வெளிநாடு போகாத ஒருவருக்கு இந்தத் தோல் நோய் வந்ததாக முதன்முதலில் அறிவிக்கப்பட்டது 1992-இல், அம்பாந்தோட்டை மாவட்டத்தின் அம்பலாந்தோட்டையில். 2001-க்குப் பிறகு வடக்கில் காட்டுப் பகுதிகளில் பணியாற்றிய படையினரிடையே நிறையக் கண்டார்கள். 2008-இல் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தார்கள். 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் நாடு முழுவதும் ஆண்டுக்கு 3,000 பேருக்கு மேல் பதிவானார்கள். அறிவிப்பது கூடியதும் அந்த உயர்வுக்கு ஒரு காரணம், ஆனால் முழுக் காரணம் அதுவல்ல. நோயே பரவிக்கொண்டிருக்கிறது.

எங்கள் ஊரில் யாருக்கு வர வாய்ப்பு அதிகம்?

இரவில் வெளியே இருப்பவர்களுக்கு. யானைக்கும் பன்றிக்கும் பயந்து சேனையில் பரண் போட்டுக் காவல் இருப்பவர்கள், வயல் வாடியில் படுப்பவர்கள், பட்டியில் மாட்டோடு தங்குபவர்கள், தேன் எடுக்கவும் விறகு வெட்டவும் காட்டுக்குப் போகிறவர்கள். குளத்தில் இரவு மீன் பிடிப்பவர்களையும் சேர்க்கலாம்.

ஆனால் ஆண்களின் வருத்தம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். வீட்டு வளவுக்குள்ளேயே மாடு, பின்பக்கத்தில் பற்றைக்காடு, சுவரில் வெடிப்பு என்று இருந்தால் மாலையில் கிணற்றடியில் நிற்கிற பெண்ணுக்கும் முற்றத்தில் விளையாடுகிற பிள்ளைக்கும் வரும். சின்னப் பிள்ளைகளின் கன்னத்தில் வரும் பருவைத் தாய்மார் 'பூச்சிக்கடி' என்று விட்டுவிடுவதும் உண்டு.

போருக்குப் பிறகு சொந்தக் காணிக்குத் திரும்பியவர்களும் கவனிக்க வேண்டும். மூதூர் கிழக்கில், சம்பூர்ப் பக்கம் ஆண்டுக்கணக்காகக் காடுபற்றிக் கிடந்த காணிகளை வெட்டித் துப்புரவாக்கித்தான் வீடு கட்டினார்கள். காட்டை ஒட்டிப் புதிதாகக் குடியேறுகிற இடங்களில் இந்த வருத்தம் தலைகாட்டுவது உலகம் முழுக்கப் பார்த்த விஷயம்.

ஒட்டுமா? ஒரே பாயில் படுக்கலாமா? ஒரே கோப்பையில் சாப்பிடலாமா?

படுக்கலாம், சாப்பிடலாம், குழந்தையைத் தூக்கலாம். தொட்டால் ஒட்டாது. துவாய், சவர்க்காரம், கிணற்றுத் தண்ணீர் எதனாலும் பரவாது. ஈ கடித்தால்தான் வரும். பாடசாலைக்கு அனுப்பாமல் மறிப்பதற்கும் ஒரு நியாயமும் இல்லை.

அசுத்தத்தால் வருகிறது என்கிறார்களே?

சொல்பவர்கள் நகரத்தில் இருந்துகொண்டு சொல்கிறார்கள். ஒரு நாளைக்கு மூன்று தடவை குளித்தாலும் பட்டிக்குப் பக்கத்தில் படுத்தால் கடிக்கும். ஆளின் துப்புரவு வேறு, வளவின் ஈரமும் மக்கலும் வேறு.

இது தொழுநோயா?

இல்லை. தொழுநோய் பக்டீரியாவால் வருவது. அதில் தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் வந்து, அந்த இடத்தில் உணர்ச்சி குறையும். ஊசியால் தொட்டாலும் சூடு பட்டாலும் தெரியாது. லீஷ்மேனியாசிஸ் புண் வலிக்காது, ஆனால் தொட்டால் உணர்ச்சி இருக்கும். இரண்டையும் வைத்தியர் பிரித்தறிவார், இரண்டுக்கும் இலவச மருந்து உண்டு. "குஷ்டம் என்று சொல்லிவிடுவார்களோ" என்று பயந்து ஒரு வருடம் வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. காட்டினால் தெரிந்துவிடும், தெரிந்தால் மாறிவிடும்.

சீனி வருத்தக்காரரின் ஆறாத புண், தோல் காசநோய், தோல் புற்றுநோய் ஆகியவையும் சிலவேளை இப்படித் தோன்றும். அதனால்தான் பரிசோதனை முக்கியம்.

மலேரியா ஒழிந்துவிட்டது என்றார்கள். இது மட்டும் ஏன் வந்தது?

நல்ல கேள்வி. இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012-இல் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்று தந்தது. அதே ஆண்டு யானைக்கால் நோயும் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையில் இருந்து நீங்கியதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. திருகோணமலையின் பழைய ஆட்களுக்கு மலேரியாக் காய்ச்சலும் குளோரோகுயின் கசப்பும் வீட்டுச் சுவரில் மருந்தடிக்க வந்தவர்களும் நன்றாக ஞாபகம் இருக்கும்.

அந்த மருந்தடிப்பில் நுளம்போடு மணல் ஈயும் செத்தது. இந்தியாவில் இதைத் தெளிவாகப் பார்த்தார்கள்: 1950, 60-களில் மலேரியாவுக்கு டி.டி.டி. பூச்சிமருந்து அடித்தபோது காலா அசார் என்கிற உள்ளுறுப்பு லீஷ்மேனியாசிஸ் ஏறக்குறைய மறைந்தது. மருந்தடிப்பு நின்ற பிறகு 1970-களில் பீகாரில் பெரிதாகத் திரும்பி வந்தது. இலங்கையிலும் மலேரியாத் தெளிப்பு குறைந்தது மணல் ஈக்கு வசதியாகப் போனது என்று துறைசார்ந்தவர்கள் கருதுகிறார்கள். காடு வெட்டிக் குடியேறியதும் ஆட்களின் நடமாட்டம் கூடியதும் சேர்ந்துகொண்டன.

காலா அசார் உயிரைக் கொல்லும் என்று இணையத்தில் வாசித்தேன். இதுவும் அதுவும் ஒன்றா?

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. கிருமி ஒரே இனம்: லீஷ்மேனியா டொனோவானி. ஈயும் ஒரே இனம்: பிளெபோடோமஸ் அர்ஜென்டிபெஸ். ஆனால் பீகாரில் இந்தக் கிருமி ஈரலையும் மண்ணீரலையும் எலும்பு மச்சையையும் தாக்கும். மருந்தெடுக்காவிட்டால் பெரும்பாலும் மரணம். இலங்கையில் பரவுகிற வகை தோலோடு நின்றுவிடுகிறது. மோன்-37 என்று அதற்கு ஆய்வுகூடப் பெயர். டொனோவானி இனம் ஒரு நாடு முழுக்கத் தோல் நோயை மட்டும் பெருமளவில் உண்டாக்குவது அபூர்வம், அதனால் உலக ஆய்வாளர்களுக்கு இலங்கை மேல் ஒரு கண்.

உள்ளுறுப்பு நோய் இங்கே மிகச் சிலருக்கே பதிவாகியிருக்கிறது. அதற்காக மறந்துவிடவும் கூடாது. வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், மெலிவு, வயிற்றின் இடப்பக்கம் கனமாக வீங்குவது போன்றவை இருந்தால், புண் இருக்கிறதோ இல்லையோ, உடனே வைத்தியரிடம் போங்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

கிருமியின் பெயரில் இருக்கும் டொனோவன் சென்னை அரசு பொது மருத்துவமனையில் வேலை செய்த வைத்தியர் சார்ல்ஸ் டொனோவன். 1903-இல் அவரும், இங்கிலாந்தின் வில்லியம் லீஷ்மனும் தனித்தனியாக இந்த ஒட்டுண்ணியைப் பற்றி அறிவித்தார்கள். மலேரியா நுளம்பால் பரவுவதைக் கண்டறிந்த ரொனால்ட் ரோஸ் இருவர் பெயரையும் சேர்த்து வைத்துவிட்டார். ஈயின் கடியால்தான் காலா அசார் தொற்றுகிறது என்று 1942-இல் அஸ்ஸாமில் நிரூபித்த மூவரில் ஒருவர் சுவாமிநாத். பெரிய நோய்களின் கதையில் நம் பக்கத்துப் பெயர்கள் அடிபடாமல் போய்விடுவதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

எங்கே போய்க் காட்டுவது?

முதலில் கிட்ட உள்ள அரச ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவு. மூதூர், கிண்ணியா, கந்தளாய், புல்மோட்டை, எது கிட்டவோ அது. அங்கிருந்து தோல் கிளினிக் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதி அனுப்புவார்கள். எங்கே போவதென்று குழப்பமாக இருந்தால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை, அதாவது பி.எச்.ஐ.-யைக் கேளுங்கள், அல்லது வீட்டுக்கு வருகிற குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்கத்தானே வருகிறார் என்று தயங்க வேண்டாம்.

என்ன பரிசோதனை செய்வார்கள்?

புண்ணின் ஓரத்தில் சிறு கீறல் போட்டு, வரும் திரவத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் ஏற்றி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். வெள்ளையணுக்களுக்குள் ஒட்டுண்ணி தெரிந்தால் முடிந்தது கதை. தெரியாவிட்டாலும் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. புண் பழையதாகப் பழையதாகக் கிருமி குறைந்துவிடும், கண்டுபிடிப்பது கடினமாகும். அப்போது சிறு தசைத் துண்டு எடுத்துப் பார்ப்பார்கள், அல்லது கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை செய்வார்கள். போவதற்கு முன்னால் புண்ணில் எண்ணெயோ பச்சிலையோ பூசிக்கொண்டு போகாதீர்கள்.

மருந்து என்ன? ஊசி மிகவும் நோகும் என்கிறார்களே?

நோகும். மறைப்பதில் பயனில்லை. சோடியம் ஸ்டிபோகுளுக்கோனேட் என்ற மருந்தைப் புண்ணின் ஓரத்திலும் அடியிலும் நேரடியாக ஏற்றுவார்கள். அன்டிமனி என்ற உலோகம் கலந்த பழைய மருந்து. ஏற்றும்போது அந்த இடம் வெளிறும். வழக்கமாக வாரம் ஒரு தடவை. எத்தனை வாரம் என்பது புண்ணைப் பொறுத்தது. சிலருக்குச் சில ஊசியோடு சரி, சிலருக்கு பத்து வாரத்தைத் தாண்டும்.

அடுத்த வழி திரவ நைதரசனால் உறைய வைப்பது. சின்னப் பருக்களுக்கு இது நல்லது. ஊசியையும் இதையும் சேர்த்தும் செய்வார்கள். சில இடங்களில் வெப்பச் சிகிச்சையும் உண்டு: மரக்க வைத்துவிட்டு, கருவியால் புண்ணுக்கு 50 பாகை செல்சியஸ் அளவு சூட்டை 30 செக்கன் கொடுப்பார்கள். இந்தத் தோல் கிருமிக்குச் சூடு ஆகாது. எது உங்களுக்குச் சரி என்பதைத் தோல் வைத்திய நிபுணர்தான் முடிவெடுக்க வேண்டும்.

கர்ப்பமாக இருந்தால், கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலும், ஊசிக்கு முன் சொல்லிவிடுங்கள். இருதய நோய், ஈரல் நோய், சிறுநீரக நோய் இருந்தாலும் அப்படியே.

அரச ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம். ஆனால் கூலி வேலைக்காரருக்கு வாரத்தில் ஒரு நாள் சம்பளம் போகும், பஸ் காசு போகும். கிண்ணியாப் பாலம் 2009-இல் திறந்ததும் மிதவைப் பாதைக்குக் காத்திருப்பது ஒழிந்தது, மூதூர் வெருகல் பக்கமும் பாலங்கள் வந்தன. இருந்தாலும் ஈச்சிலம்பற்றில் இருந்து கிளினிக் நாளுக்குக் காலையில் வந்து சேர்வது இன்றும் லேசான காரியமல்ல. பலர் இரண்டு மூன்று ஊசியோடு நிறுத்துவதற்கு ஊசியின் நோவை விட இந்த அலைச்சல்தான் காரணம் என்பது என் எண்ணம். வராததற்கு நோயாளியைப் பேசுவதை விட, கிட்ட உள்ள ஆஸ்பத்திரியிலேயே மீதி ஊசியைப் போட வழி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. நீங்களும் வைத்தியரிடம் வாய் திறந்து கேளுங்கள்.

புண் சுருங்கிவிட்டது. ஊசியை நிறுத்தலாமா?

வைத்தியர் சொல்லும் வரை வேண்டாம். மேலே மூடிக்கொண்டு அடியில் கிருமி மிஞ்சியிருந்தால் சில மாதத்தில் அதே தழும்பின் ஓரத்தில் திரும்பவும் கிளம்பும்.

பரியாரியிடம் காட்டினால்? சுண்ணாம்பு வைத்தால்? சுட்டால்?

சூட்டுக்கோல், மயில்துத்தம், சுண்ணாம்பு, பற்றரி அசிட் எதையும் வைக்காதீர்கள். மேலே சொன்ன வெப்பச் சிகிச்சையை நினைத்துக்கொண்டு "சுட்டால் சரிதானே" என்று யோசிப்பவர்கள் இருக்கிறார்கள். கருவி கொடுக்கிற அளவான சூடு வேறு, கரண்டிக் காம்பைப் பழுக்கக் காய்ச்சி வைப்பது வேறு. அது நல்ல தோலையும் எரித்து, பரிசோதனையையும் கெடுத்து, கிருமியை அடியில் விட்டுவிடும். பரியாரியாரை மதிக்கிறவர்கள் முதலில் தகட்டுப் பரிசோதனையைச் செய்துவிட்டு அவரிடம் பேசலாம்.

கடையில் வாங்கும் அன்டிபயோட்டிக் குளிசையும் களிம்பும் இந்த ஒட்டுண்ணியை ஒன்றும் செய்யாது. புண்ணில் வேறு கிருமி சேர்ந்து சீழ் பிடித்திருந்தால் மட்டும் வைத்தியர் அவற்றைத் தருவார்.

தானாக ஆறாதா?

சிலருக்கு ஆறும். ஆனால் பல மாதமாகலாம், வருடத்தைத் தாண்டலாம். அவ்வளவு காலம் தோலைத் தின்றுவிட்டுப் போகும் புண் பள்ளமான தழும்பை விட்டுப்போகும். முகத்தில் என்றால், அதுவும் கலியாண வயதுப் பிள்ளைக்கு என்றால், ஊர்வாய் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நேரத்தோடு மருந்தெடுத்தாலும் தழும்பு அடியோடு மறையாது, சிறிதாகும்.

நுளம்பு வலைக்குள் படுத்தால் போதுமா?

சாதாரண வலையின் கண்ணுக்குள்ளால் மணல் ஈ நுழைந்துவிடும், அவ்வளவு சிறியது. சன்னக் கண் வலை நல்லது, ஆனால் கச்சான் காற்றுக் காலத்துப் புழுக்கத்தில் அதற்குள் படுப்பது தண்டனை. பூச்சிமருந்து ஊட்டிய வலை சிறந்த சமரசம்: கண் சற்றுப் பெரிதாக இருந்தாலும் வலையில் பட்ட ஈ சாகும்.

வெளியே தங்குகிறவர்கள் நீளக் கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் போடுங்கள். மூடாத இடத்தில் டீட் கலந்த பூச்சி விரட்டி பூசலாம். அது கிடைக்காவிட்டால் தேங்காயெண்ணெயில் கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்து பூசுங்கள். இந்தியாவில் மணல் ஈக்கு எதிராக இதைச் சோதித்துப் பலன் கண்டிருக்கிறார்கள். இரவில் ஓரிரு தடவை திரும்பப் பூச வேண்டும். மணத்துக்கு வீட்டுக்காரி திட்டினால் நான் பொறுப்பில்லை.

படுக்கிற உயரமும் முக்கியம். ஈ தாழப் பறப்பது, வெறுந்தரையில் படுப்பதை விடப் பரணில் படுப்பது மேல்.

டெங்குக்குச் செய்தது போல வளவைத் துப்புரவாக்கினால்?

2017-இல் கிண்ணியாவில் டெங்கு ஆட்டிவைத்த பிறகு சிரட்டை, ரயர், யோகட் கோப்பை கவிழ்ப்பது நமக்கெல்லாம் பழகிவிட்டது. நல்ல பழக்கம், விடாதீர்கள். ஆனால் மணல் ஈ தண்ணீரில் முட்டையிடுவதில்லை, ஈர மண்ணில் இடுகிறது. அதனால் வேலையும் வேறு. இலைகுழையைக் கூட்டி அப்புறப்படுத்துங்கள், சாணத்தை வீட்டோரம் குவிக்காதீர்கள், சுவர் வெடிப்பைப் பூசி அடையுங்கள், வீட்டைச் சுற்றிப் பற்றையை வெட்டுங்கள், வெயில் விழட்டும். வெயில் பட்டுக் காய்ந்த மண் அதற்கு ஆகாது. புகையடிப்பதால் பெரிய பலன் இல்லை. வெடிப்புக்குள் ஒதுங்கியிருப்பதையும் மண்ணுக்குள் இருக்கும் புழுவையும் புகை தொடாது.

மாட்டுப் பட்டியை என்ன செய்வது? மாட்டை விற்கவா?

வேண்டவே வேண்டாம். இந்த ஈ மாட்டு இரத்தத்தை நன்றாக விரும்பும், அதனால் பட்டியைச் சுற்றி ஈ அதிகம் இருக்கும். மாட்டைப் படுக்கையறைச் சுவரோடு கட்டாமல் தள்ளிக் கட்டினால் நல்லது. காணி சிறிது, கள்ளர் பயம் வேறு என்றால் முழுவதும் முடியாதுதான். அப்படியானால் பட்டித் தரையையாவது காயவிட்டு, சாணத்தை அடிக்கடி அள்ளி வயலுக்குக் கொண்டுபோங்கள்.

நாயால் வருமா?

நாய் கடித்தோ நக்கியோ வராது. சில நாடுகளில் நாய்தான் லீஷ்மேனியாவின் முக்கிய இருப்பிடம். இலங்கையிலும் நாய்களில் இந்தக் கிருமியின் தடயம் கிடைத்திருக்கிறது, ஆனால் மனிதரிடையே நோய் பரவுவதில் நாயின் பங்கு எவ்வளவு என்பது ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதத்தில் இருக்கிறது. நாயை அடித்துக் கொல்வதற்கு இதை ஒரு சாட்டாக எடுக்க வேண்டாம்.

வளவுக்குள் புற்று இருக்கிறது. நாகதம்பிரானுக்குப் பொங்கிப் படைக்கிற இடம். இடிக்கச் சொல்கிறார்கள்.

இடிக்கத் தேவையில்லை. புற்று மணல் ஈ ஒதுங்கும் இடங்களில் ஒன்று என்பது உண்மை. அதைச் சுற்றியுள்ள சருகைக் கூட்டி வெளியாக்குங்கள், பூசையைப் பொழுதோடு முடியுங்கள், இரவில் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்காதீர்கள். வழிபாடு இல்லாத புற்று வீட்டுச் சுவரோடு இருந்தால் அகற்றலாம், பாம்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

சவூதியில் வேலை செய்துவிட்டு வந்தேன். அங்கே வந்த புண் இது.

இதை வைத்தியரிடம் முதல் வசனமாகச் சொல்லுங்கள். மத்திய கிழக்கில் பரவும் லீஷ்மேனியா வேறு இனங்கள், புண்ணின் போக்கும் சிகிச்சையும் மாறலாம். கிண்ணியா, மூதூர், தோப்பூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாடு போய் வந்திருப்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது.

பி.எச்.ஐ. வீட்டுக்கு வந்து பெயர், தொழில் எல்லாம் எழுதினார். ஏதும் வழக்கா?

வழக்கு ஒன்றும் இல்லை. இது அறிவிக்க வேண்டிய நோய். சந்தேகம் வந்ததுமே வைத்தியர் எச் 544 என்ற படிவத்தை நிரப்பி உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்புவார். அங்கிருந்து பி.எச்.ஐ. வருவார். எங்கே படுக்கிறீர்கள், மாடு இருக்கிறதா, வீட்டில் வேறு யாருக்கும் பரு உண்டா என்று கேட்பார். ஒளிக்காமல் சொல்லுங்கள், பக்கத்து வீட்டுத் தம்பியின் காதில் இருக்கும் பருவையும் சேர்த்து. எந்த ஊரில் எத்தனை பேர் என்று பதிவானால்தான் மருந்தும் வலையும் அந்தப் பக்கம் திரும்பும்.

தடுப்பூசி இருக்கிறதா?

மனிதருக்கு இல்லை.

முதல் நாள் கிளினிக்குக்கு என்ன கொண்டு போக வேண்டும்?

அனுப்பிய துண்டு, அடையாள அட்டை, ஏற்கனவே எடுத்த மருந்துகளின் சிட்டை அல்லது வெற்று அட்டை. புண் தொடங்கிய மாதத்தை ஞாபகப்படுத்திக்கொண்டு போங்கள். திகதி வராவிட்டால் "பெரும்போக விதைப்புக்கு முன்", "நோன்புக்குப் பிறகு" என்று சொன்னாலும் போதும். கையிலோ காலிலோ என்றால் எளிதாகச் சுருட்டக்கூடிய உடுப்பு. காலைச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வரிசை நீளம்.